வானொலியிற் புல்லுருவி

மாமரத்தின் கிளையிலே புல்லுருவி தழைத்திருத்தலை நம்மிற் பலரும் கண்டிருப்போம். அதன் வேர் மண்ணில் இல்லை. மரத்தின் சாற்றையே உண்டு வாழ்வது அது. வழிச்செல்வோர் கண்ணுக்கு அதன் பசுமையும் மரத்தின் பசுமை போலவே தோன்றும். காய்ப்புக் குறைந்த காலத்தில் மரத்துக்குரியவன் அண்ணாந்து நோக்கி, "இஃது என் மரத்து இலையன்று" என அறிந்து வருந்துவான். இத்தகைய புல்லுருவி ஒன்று எங்கள் வீட்டு வானொலிக் கருவியில் முளைத்து, அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் முப்பதாண்டு நட்பை வாட்டிய வரலாற்றினை ஈண்டுக் கூறப் புகுகின்றேன். அப்புல்லுருவியை நட்டவன் யானே என்பதையும் மறையாது கூறுவேன். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு மின்கருவியில் என்ன வேலை என வினவும் நண்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்வாராக.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. 217 அடி உயர்ந்து பதினொரு நிலைகளோடு நிற்கும் கிழக்கு இராஜகோபுரமும், அதன் பின்னே 2,668 அடி ஓங்கிய மலையும் அவ்வூருக்கு முகமும் முதுகுமாய் அமைந்தவை. மலையைச் சுற்றிவரும் வலப்பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே சுவரை நடுவே கொண்ட இரண்டு ஓட்டு வீடுகள் உள்ளன. ஒன்று எங்களுடையது, மற்றொன்று பூக்கட்டி விற்று வாழும் மூதாட்டி ஒருவருடையது. யாங்கள் அவரை 'ஆயா' என்றே அழைப்போம். அவர் சிவபத்தி மிக்கவர், யாங்கள் கிறிஸ்தவர். எனினும், நடுவிலுள்ள சுவர் வீட்டைப் பிரித்ததேயன்றி மனத்தைப் பிரித்ததில்லை. காலஞ்சென்ற என் பாட்டியின் நினைவு நாளில், கல்லறைக்கு வேண்டிய பூச்சரத்தை ஆயாவே கட்டிக் கொணர்ந்து, காசு வாங்காமற் கொடுத்துச் செல்வது ஆண்டுதோறும் நிகழும் வழக்கம்.

என் பாட்டனார் தந்தி அலுவலகத்திற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம் நாட்டில் தந்திப் பணி 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுற்றது. ஆனால் அவர் விரல்களில் மட்டும் அது முடிவுறவே இல்லை. இளமையிலேயே அரசினர் நடத்தும் தேர்வெழுதி, பொழுதுபோக்கு வானொலியாளர்க்குரிய உரிமம் பெற்றிருந்தார். நாள்தோறும் வைகறை ஐந்து மணிக்குக் கருவியின் முன்னமர்ந்து, இலங்கையிலுள்ள தம் முதிய நண்பரோடு மோர்ஸ் குறிப்பில் உரையாடுவார். இருவரும் நேரிற் கண்டவரல்லர். நாற்பது ஆண்டுகளாகப் புள்ளியாலும் கோட்டாலுமே ஒருவரையொருவர் அறிந்தவர். தெருவார் அவரைத் 'தந்தி ஐயா' என்றழைப்பர்.

இவ்வகைப் பொழுதுபோக்காளரை எளியராக எண்ணுதல் கூடாது. தென்னாட்டில் வானொலியைத் தோற்றுவித்தவரே அவர்தாம். 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாளே அஃது ஒலிபரப்பத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது; அதன் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளிலேதான் திறக்கப்பெற்றது. நிலையங்களுக்கு முன்னே நின்றவர் ஆர்வலர்களே என்பதைப் பாட்டனார் பெருமிதத்தோடு பன்முறை எனக்குக் கூறியுள்ளார். யானும் பௌதிகம் பயின்று அவ்வழி வருவேனென்பது அவர் நினைவு. யான் தமிழைத் தேர்ந்தபொழுது அவர் தடுக்கவில்லை; ஆனால், கருவியைப்பற்றி என்னிடம் பேசுவதை மெல்லக் குறைத்துக்கொண்டார். அஃது எனக்கு உள்ளூர வருத்தமே.

அவருடைய கருவியின் உயிர் ஒரு வால்வு. 807 என்பது அதன் எண். 1936-இல் வெளிவந்த 6எல்6 என்னும் புகழ்பெற்ற வால்வின் இனத்தது அது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மிகுந்து கிடந்த படைச் சரக்குகளோடு அங்காடிகளுக்கு வந்து, ஏழை ஆர்வலர்களின் கைக்கெட்டியது. 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில், தம் இளமைக் காலத்தே பாட்டனார் அதனை வாங்கினாராம். கண்ணாடிக் குடுவைக்குள்ளே கேத்தோடு என்னும் தண்டு சூடேறிச் செந்நிறம் கொள்ளும். அதிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்பட்டுப் பிளேட் என்னும் தகட்டை நோக்கிப் பாயும். இடையே கிரிட் என்னும் கம்பி வலை நிற்கும். மதகிற் கைவைத்தவன் சிறு அசைவால் பெருவெள்ளத்தை ஆளுதல்போல, கிரிட்டிற் சேரும் சிறு மின்னழுத்தம் பிளேட்டிற் பாயும் பெருமின்னோட்டத்தை ஆளும். சிறிய அலை பெரிய அலையாய் வெளிவருவது இவ்வாறே. இதுவே ஆம்ப்ளிபையர் என்னும் பெருக்கியின் தொழில்.

இனி என் குற்றத்தைக் கூறுகின்றேன். சென்ற ஆண்டு புரட்டாசி இறுதியில் நான்கு நாள் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். பாட்டனார் கண்ணிற் புரை படர்ந்திருந்தமையால் கருவியின் மேல் தூசு படிந்து கிடந்தது. அவர் உறங்கும் நண்பகலில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு யான் அதனைத் துடைக்கலானேன். 807-இன் தலையில் ஓர் உலோகக் குமிழ் உண்டு. பிளேட்டுக்குச் செல்லும் இணைப்பு அதுவே. அக்குமிழை ஒட்டி விரற்கடை அளவில் ஒரு சிறு பொருள் இருந்தது. ஒரு கரி ரெசிஸ்டர், அதன்மேல் நான்கே சுற்றுச் செப்புக் கம்பி. இரண்டின் முனைகளும் ஒன்றாய்ப் பற்றவைக்கப்பட்டிருந்தன. துணி பட்டு அது ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

யான் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரெசிஸ்டரின் இருமுனைகளையும் கம்பியே இணைத்துவிடுகிறதே, பின் ரெசிஸ்டருக்கு என்ன பயன் என்று எண்ணினேன். செய்யுளில் ஓசை நிரப்ப வரும் அசைநிலையைப் போல, பொருளின்றி அழகுக்கு வைத்ததாகும் என்று எனக்கு நானே உரை வகுத்துக்கொண்டேன். அதனை எறிந்துவிட்டு, கைக்கெட்டிய கம்பித்துண்டு ஒன்றை, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில், வளைத்துப் பற்றவைத்தேன். மறுநாள் வைகறையில் கருவி வழக்கம்போல் இயங்கியது. முட்களெல்லாம் பழைய இடத்திலேயே நின்றன. பாட்டனாரிடம் ஒன்றும் சொல்லாமற் கல்லூரிக்குத் திரும்பினேன். சொன்னால் சினப்பார் என்பதனாலன்று, "தமிழ் படிப்பவன் கை இங்கு ஏன்?" என்பாரோ என்னும் அச்சத்தாலேதான் சொல்லவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிற்று. ஒருநாள் ஆயா எங்கள் வாயிலுக்கு வந்து, "தந்தி ஐயா, நீங்கள் தட்டும்போதெல்லாம் என் பெட்டி வாயை மூடிக்கொள்கிறது" என்றாராம். பார்வை மங்கிய அவருக்கு, விடியற்காலையிற் பூக்கட்டும் நேரத்தில் துணையாயிருப்பது ஒரு சிறு பண்பலை வானொலிப் பெட்டியே. பாட்டனாரோ, "அம்மா, என் அலை 7 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பெட்டி கேட்பது 88-க்கு மேல் 108-க்குள். நம் மாடவீதியில் ஓடும் தேர் வேலூர்த் தெருவிற் போய் முட்டுமா?" என்றாராம். அவர் கூறியது பொய்யன்று. தாம் அறிந்தவரையில் முழு உண்மை. ஆயா மறுமுறை வந்தார். மூன்றாம் முறையும் வந்தார். மூன்றாம் முறை பாட்டனார் சற்றுக் கடிந்து பேசிவிட்டார். பிறர் கேட்கும் அலைக்கு இடையூறு செய்யலாகாதென்பது உரிமம் பெற்றோர்க்கு முதற்பாடம். நாற்பதாண்டு அப்பாடம் வழுவாதவரை வழுவினவர் என்றால், அது நெஞ்சிற் பட்டுவிட்டது. அவ்வாண்டு பாட்டியின் நினைவு நாளில் ஆயா வரவில்லை. பாட்டனார் கடைத்தெருவிற் சரம் வாங்கிக்கொண்டு தனியே கல்லறைக்குச் சென்றுவந்தார்.

கார்த்திகைத் தீபத்துக்கு யான் ஊர் சென்றபொழுதுதான் இவையெல்லாம் என் செவிக்கெட்டின. மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றப்பெற்றது. வழக்கமாக ஆயாவின் திண்ணையில் நின்றே எல்லாரும் அதனைக் காண்போம். அன்று பாட்டனார் கொல்லைப்புறத்தில் நின்று கண்டார். மங்கிய கண்ணுக்கு அது தெரிந்ததோ இல்லையோ, அறியேன்.

மறுநாள் வைகறையில் யான் ஆயா வீட்டுக்குச் சென்று, அவரருகே அமர்ந்து பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெட்டியிற் பத்திப் பாடல் ஒன்று ஒலித்தது. ஐந்து மணி ஆயிற்று. திடீரெனப் பாடல் அறுந்தது; மீண்டும் ஒலித்தது; மீண்டும் அறுந்தது. சில வேளை வெறும் மௌனம். சில வேளை ஓர் உறுமல். யான் அம்மௌனங்களை உற்றுக் கேட்டேன். அவற்றுள் குறியன உண்டு, நெடியன உண்டு. தமிழிலக்கணத்திற் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மோர்ஸ் குறிப்பிலோ புள்ளி ஒன்றெனின் கோடு மூன்று. மாத்திரை எண்ணிப் பழகிய என் செவிக்கு அது விளங்க நெடுநேரமாகவில்லை. இறுதியாக இரண்டு நெடிய மௌனம், மூன்று குறிய மௌனம், சிறிது இடைவெளி, பின் மூன்று குறிய மௌனம், இரண்டு நெடிய மௌனம். 73 என்னும் எண் அது. வானொலியாளர் விடைபெறுங்கால் 'நல்வாழ்த்து' எனும் பொருளில் அனுப்பும் குறி. இலங்கை நண்பருக்குப் பாட்டனார் அனுப்பிய நல்வாழ்த்து, சுவருக்கு இப்பால் ஆயாவின் பாடலை அறுத்துக்கொண்டிருந்தது!

"கேட்டாயா, தம்பி?" என்றார் ஆயா. "கேட்டேன், ஆயா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்ல என் நா எழவில்லை. புரட்டாசியில் யான் எறிந்த அச்சிறு பொருள் அப்பொழுது என் நினைவில் வந்து நின்றது. ஆயினும், ஐயம் உறுதியாகட்டும் என்று எனக்கே ஒரு சாக்குக் கூறிக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் நம் பௌதிகத்துறை விரிவுரையாளர் ஒருவரை அணுகி, கருவியின் அமைப்பை வரைந்து காட்டினேன். என் செயலையும் ஒளியாமற் கூறினேன். அவர் நகைக்கவில்லை. சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தார். அவர் கற்பித்ததை என் சொல்லில் தருகின்றேன்.

கூட்டங்களில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே கொணர்ந்தால் வீறிட்டுக் கத்துதலை அறிவோம். பெருகி வெளிவந்த ஒலியின் ஒரு பகுதி மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்து, மீண்டும் பெருகி, இவ்வாறு சுழல்வதே அதன் காரணம். வால்விலும் அஃதே நிகழும். பிளேட்டிலுள்ள ஆற்றலின் ஒரு பகுதி, ஏற்ற தருணத்தில், போதிய அளவில், கிரிட்டுக்குத் திரும்புமாயின், வெளியிலிருந்து அலை ஒன்றும் வாராமலே வால்வு தானே அலையை எழுப்பத் தொடங்கும். பெருக்கி என்னும் பணியாள் தானே தலைவனாகிவிடுவான். லீ டி பாரஸ்ட் என்பார் 1906-இல் கிரிட் வைத்த வால்வை அமைத்தார். எட்வின் ஆம்ஸ்டிராங் என்பார் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த 1912-ஆம் ஆண்டிலேயே இப்பின்னூட்டத்தின் வன்மையைக் கண்டறிந்தார். வேண்டிய இடத்தில் இஃது அலையெழுப்பியாய்ப் பயன்படும். வேண்டாத இடத்தில் நோயாகும்.

ஆற்றல் எவ்வழியே திரும்புகிறது? பிளேட்டும் கிரிட்டும் அணுகி நிற்கும் இரு உலோகங்கள். ஆதலின் அவை தம்முள் ஒரு சிறு கண்டென்சராகின்றன. அவ்வழியே அலை கசிந்து திரும்பும். ஹேஸல்டைன் என்பார் 1923-இல் வெளிப்படுத்திய முறை, கசிவுக்குச் சமமான எதிர்க்கசிவை ஊட்டி அதனை நடுநிலைப்படுத்துவது. பின்னர் வந்தோர் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஸ்கிரீன் என்னும் திரைவலையைத் தொங்கவிட்டனர். 807-இல் அத்திரை உண்டு. அதனால் கசியும் கொள்ளளவு ஏறத்தாழ 0.2 பிகோஃபாரட் அளவே. 7 மெகாஹெர்ட்ஸில் இஃது ஒன்றும் செய்யாது.

ஆனால், கருவியில் யாம் வைத்த உறுப்புகள் மட்டுமல்ல, வையாத உறுப்புகளும் உள்ளன. இங்கேதான் என் அறியாமை சிக்கிக்கொண்டது. நேரான கம்பியும் ஒரு சுருளின் பண்புடையது. ஒரு மில்லிமீட்டர்க் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்று பருமட்டாகக் கொள்ளலாம். யான் வைத்த ஒரு சாண் கம்பி, 20 சென்டிமீட்டர், ஆகவே 0.2 மைக்ரோஹென்றி. வால்வின் பிளேட்டுக்குரிய கொள்ளளவு ஏறத்தாழ 7 பிகோஃபாரட். சுற்றுப்புறக் கொள்ளளவையும் கூட்டி 12 எனக் கொள்வோம். இவ்விரண்டும் சேர்ந்து இசையும் அதிர்வெண் யாது? விரிவுரையாளர் கணக்கிட்டு, பலகையின் அடியில் 103 மெகாஹெர்ட்ஸ் என எழுதினார். பண்பலை வரிசையின் நடுவயலில் அது விழுந்தது! கிரிட்டின் கம்பியும் அவ்வயலிலேயே இசைவுறின், திரும்பும் ஆற்றல் போதியதாகிவிடும். ஸ்கிரீனை நிலத்தோடு இணைக்கும் கண்டென்சரின் கால்களும் நீண்டிருந்தால், அவ்வுயர் அதிர்வெண்ணிலே திரை திரையாயிராது. பாட்டனார் சாவியை அழுத்த வால்வில் மின்னோட்டம் பாயும். பாயும்பொழுதெல்லாம் 7 மெகாஹெர்ட்ஸ் என்னும் மரத்தின்மேல் 103 மெகாஹெர்ட்ஸ் என்னும் புல்லுருவி தழைக்கும். அதன் வலிமை சிறிதாதலின் வீட்டு முட்கள் அதனைக் காட்டா.

பாடல் ஏன் ஊமையாயிற்று? பண்பலைப் பெட்டிக்கு ஓர் இயல்புண்டு. ஏறத்தாழ ஒரே இடத்தில் இரண்டு அலைகள் வரின், வலியது மெலியதை விழுங்கிவிடும். தொலைவிலுள்ள நிலையத்தின் அலை மெலியது. சுவருக்கப்பாலிருந்து வரும் அலை வலியது. பின்னதிற் பாட்டு இல்லை. ஆதலின் பெட்டி மௌனமாயிற்று. அகன்ற பண்பலை முறைக்கு 1933-இல் காப்புரிமை பெற்றவரும் அந்த ஆம்ஸ்டிராங்கே என விரிவுரையாளர் கூறியபொழுது வியந்தேன். ஒருவர் மனத்திற் பிறந்த இரண்டு குழந்தைகள் எங்கள் சுவரின் இருபுறமும் நின்று பிணங்கிக்கொண்டிருந்தன.

"இனி, நீ எறிந்த அசைநிலையின் பொருளைக் கேள்" என்று அவர் தொடர்ந்தார். ரெசிஸ்டர் 47 ஓம். அதன்மேல் நான்கு சுற்றுச் சுருள், ஏறத்தாழ 0.1 மைக்ரோஹென்றி. 7 மெகாஹெர்ட்ஸில் அச்சுருள் காட்டும் தடை 4.4 ஓம் மட்டுமே. ஆதலின் நல்லலை சுருள்வழியே எளிதிற் சென்றுவிடும். ரெசிஸ்டர் இருப்பதையே அஃது அறியாது. 103 மெகாஹெர்ட்ஸிலோ அதே சுருளின் தடை 65 ஓம். அப்பொழுது தீயலைக்கு ரெசிஸ்டரே எளிய வழியாகும். அதிற் புகுந்தால் ஆற்றல் வெப்பமாய்க் கழியும். கழியவே, சுழற்சிக்குப் போதிய ஆற்றல் திரும்பாது. அலைவு எழாமலே அடங்கும். வெறும் ரெசிஸ்டரை வைத்தால் நல்லலையும் வீணாகும். வெறும் சுருளை வைத்தால் தீயலை அடங்காது. இரண்டும் கூடியே காவலாகின்றன. விளைச்சலை மிதியாமற் களையை மட்டும் வாட்டும் உழவன் திறம் அதனுள் இருந்தது. யான் அதனைப் பொருளற்றது என்று எறிந்தேன்!

மார்கழி பிறந்து சில நாளில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. ஊர் சேர்ந்த அன்றிரவே பாட்டனார் முன் நின்று, புரட்டாசியில் நிகழ்ந்ததையும், ஆயா வீட்டில் யான் கேட்டதையும், கல்லூரியிற் கற்றதையும் வரிசையாகக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. கைகளால் தடவி, குமிழினடியிலிருந்த நீண்ட கம்பியைக் கண்டுகொண்டார். "கம்பியை நீ வைத்தாய். கடுஞ்சொல்லை நான் வைத்தேன்" என்றார். பின்னர், "கருவி நாளைக்கு, முதலில் அவர்கள்" என்று எழுந்து, என் தோளைப் பற்றிக்கொண்டு ஆயா வீட்டு வாயிலுக்கு வந்தார்.

"அம்மா, குற்றம் என் வீட்டுக் கருவியினுடையதே. நீங்கள் சொன்னது உண்மை. நான் நம்பவில்லை, மன்னிக்க வேண்டும்" என்றார். தமக்குப் பேரனாகிய என் பெயரை அவர் எடுக்கவேயில்லை. யானே முன்வந்து, "ஆயா, ஒடித்தவன் நான்; ஒளித்தவனும் நான்" என்றேன். ஆயா சற்று நேரம் எங்களைப் பார்த்திருந்துவிட்டு, "மழைக்குப் பெட்டி கெட்டுவிட்டது என்று நானும் இரண்டு முறை கடைக்குக் கொடுத்துப் பணம் அழுதேன், தந்தி ஐயா. அதைவிட, அந்த நாளில் பூக் கொடுக்க வரவில்லையே, அதுதான் எனக்கு உறுத்தல்" என்றார். மார்கழி பிறந்தது முதல் திருவெம்பாவை முழுதாய்க் கேட்கவில்லை என்பதையும் மெல்லச் சொன்னார். மாணிக்கவாசகர் அப்பாடலை எங்கள் ஊரிலே பாடினார் என்பது வழிவழி வந்த வழக்கு. அவ்வூரிலே, அம்மாதத்திலே, அப்பாட்டைக் கேளாதபடி ஒரு மூதாட்டியைத் தடுத்தவன் தமிழ் ஆனர்ஸ் மாணவன் என்பதை எண்ணி நாணினேன்.

மறுநாள் பழுது பார்த்தோம். பாட்டனார் கூறக் கூற யான் செய்தேன். 807-இன் பிளேட்டில் 600 வோல்ட்டு வரை நிற்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கண்டென்சர்களில் உயிர்கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே செருகியைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, காப்பிட்ட கோலால் கண்டென்சரை நிலத்தோடு தொட்டு வெறுமையாக்கிய பின்னரே கைவைக்கவிட்டார். நீண்ட கம்பியை அகற்றினோம். புதிய 47 ஓம் கரி ரெசிஸ்டரின்மேல் நான்கு சுற்று இட்டு, குமிழுக்கு மிக அணுகிப் பற்றவைத்தோம். கம்பி சுற்றிச் செய்த ரெசிஸ்டர் இதற்கு ஆகாது. ஏனெனில் அதுவே ஒரு சுருள். கிரிட்டின் காலடியிலும் ஒரு சிறு ரெசிஸ்டரை, கால் நீளாதபடி வைத்தோம். ஸ்கிரீனின் கண்டென்சரை இயன்றவரை குறுங்காலோடு நிலத்தில் இணைத்தோம். நீளம் குறையக் குறையப் புல்லுருவிக்கு நிற்க இடமில்லை என்றார் பாட்டனார்.

புல்லுருவி உயரத்தில் மட்டும் தோன்றுவதன்று, தாழ்விலும் தோன்றும் என்றும் அவர் கற்பித்தார். கிரிட்டிலும் பிளேட்டிலும் சோக் என்னும் தடுப்புச் சுருள்கள் இரண்டிருப்பின், அவை தம் கண்டென்சர்களோடு கூடிச் சில நூறு கிலோஹெர்ட்ஸில் அலைவெழுப்புதலும் உண்டு. ஒன்றை நீக்கி அங்கே ரெசிஸ்டரை இட்டால் அஃது ஒழியும். எங்கள் கருவியில் அந்நோய் இல்லை.

பின்னர்ச் சோதனை. பிளேட்டு அழுத்தத்தைக் குறைத்து, உள்வரும் அலையை நிறுத்தி, வால்விற் சிறிதளவு மின்னோட்டம் பாயும்படி கிரிட் அழுத்தத்தைத் தளர்த்தி, சுழல் கண்டென்சர்களை முனையிலிருந்து முனைவரை மெல்லத் திருப்பினேன். உள்ளே அலை இல்லாதபொழுது கிரிட் மின்னோட்டத்தின் முள் அசையலாகாது. பிளேட்டின் முள்ளும் துள்ளலாகாது. குமிழருகே நீட்டிய நியான் விளக்கும் ஒளிரலாகாது. முள் அசையவில்லை. விளக்கு ஒளிரவில்லை. முட்களைப் படிக்க இயலாத பாட்டனார் என் வாயையே நோக்கியிருந்தார். "பூச்சியம், தாத்தா" என்றேன். "மறுபடி திருப்பு" என்றார். மூன்று முறை திருப்பிய பின்னரே அவர் முகம் தெளிந்தது.

அடுத்த வைகறையில் யான் ஆயாவின் அருகிலிருந்தேன். பெட்டியில் திருவெம்பாவை எழுந்தது. ஐந்து மணி அடித்தது. பாட்டு அறவில்லை. ஐந்து கடந்து பத்து நிமிடமும் ஆயிற்று, அறவில்லை. பாட்டனார் தட்டுகிறாரோ இல்லையோ என்ற ஐயமே எனக்கு வந்துவிட்டது. ஓடிச் சென்று பார்த்தேன். அவர் செவியில் ஒலிப்பொறியோடு, சாவியின்மேல் விரல் வைத்து, நண்பருக்கு 73 அனுப்பி முடித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் வாழ்த்துச் சென்றது. மறு வீட்டில் பாட்டு நின்றது. ஒன்றை ஒன்று அறியவேயில்லை.

கிறிஸ்துமஸ் காலையில், ஆராதனைக்குப் புறப்படும் நேரத்தில், ஆயா ஒரு முழச் சரம் கொணர்ந்தார். "ஐப்பசியில் நின்றுபோனது" என்றார். பாட்டனார் அதனை வாங்கிக்கொண்டு, ஆராதனை முடிந்தபின் என்னையும் அழைத்துக்கொண்டு கல்லறைக்குச் சென்றார். திரும்பும் வழியில், மோர்ஸ் குறிப்பு கற்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். "மாத்திரை எண்ணத் தெரிந்தவனுக்கு நெடுநாளாகாது" என்றார். தமிழ் படிப்பதைக் குறித்து அவர் என்னிடம் கூறிய முதல் நல்ல சொல் அது.

நண்பர்களே, யான் கற்ற பாடம் சிறிது. நம் கைக்கு வந்த ஒன்றின் பயன் விளங்காதபொழுது, அது பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. செய்யுளாயினும் கருவியாயினும் அதனை ஆக்கினோனை வினவுதலே முறை. மற்றொன்று: தவற்றினை மறைத்துவைக்கும் ஒருவன், தன் வீட்டு முட்கள் அசையாமையைக் கண்டு அமைதி கொள்வான். அடுத்த வீட்டிற் போய்க் கேட்டாலன்றோ அறுபடுவது இன்னதென விளங்கும்! அந்த ஒடிந்த ரெசிஸ்டரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்கு நிகராக யான் சுற்றிய நான்கு சுற்றுகளும் இன்று அக்குமிழின் கீழே இருக்கின்றன. தைப் பொங்கல் விடுமுறையில் ஊர் சென்றபொழுதும், தூசு துடைத்தவன் யானே. ஆனால் இம்முறை பாட்டனார் அருகே நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார்.